ஆடுகளத்தின் நற்சின்னம்



அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் ஒரு வழக்கம் உண்டு. தம் அணிக்கு வெற்றி தேடித் தரும் என்று நம்பி, விலங்கு ஒன்றையோ வேடதாரி ஒருவரையோ திடலில் முன்னிறுத்துவர். இதனை ‘மாஸ்காட்’ என்பர். 1880-இல் பாரிஸில் அரங்கேறிய ‘லா மாஸ்காட்’ என்னும் இசை நாடகமே இச்சொல்லை எங்கும் பரப்பியது. தான் வாழும் வீட்டிற்கு நற்பேறு கொணரும் பெண்ணொருத்தி அதன் கதைத் தலைவி.

1889-இல் யேல் பல்கலைக் கழக மாணவர் ஒருவர் கொல்லர் ஒருவரிடம் புல்டாக் நாயொன்றை வாங்கினார். ‘அழகன் டான்’ எனப் பெயர் பெற்ற அந்நாயை ஆட்டம் தொடங்குமுன் திடலில் நடத்திச் செல்வர். அது இறந்த பின் உடலைப் பாடம் செய்து கண்ணாடிப் பேழையில் வைத்தனர். அதே பெயரில் இன்றளவும் நாய்கள் பட்டமேறி வருகின்றன. அரச மரபுகள் பலவற்றினும் இம்மரபு உறுதியானது போலும்!

நாயைச் சின்னமாக்கியதில் எவருக்கும் மனத்தாங்கல் எழவில்லை. மனிதரைச் சின்னமாக்கியபோதுதான் வழக்கு எழுந்தது. கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகம் 1930-இல் அந்நாட்டுப் பழங்குடி மக்களைத் தன் சின்னமாக்கிக் கொண்டது. பெருமூக்குடன் வரைந்த கேலிச் சித்திரம் அங்கே பரவியது. யூரோக் குலத்தவர் ஒருவரே இறகு முடி அணிந்து ஆட்டங்களில் ஆடி வந்தார். ஆடியவர் அம்மக்களுள் ஒருவராயின் குறை ஏது என்று பலர் வினவினர். அங்குப் பயின்ற பழங்குடி மாணவர்களோ அதனை ஏற்கவில்லை. தம் முன்னோரின் சடங்கும் உடையும் இடைவேளைப் பொழுதுபோக்கு ஆவதை அவர்கள் பொறுக்கவில்லை.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இது விளங்காததன்று. நம்மைப் போலப் பேசி நடிக்கும் விகடத்தைக் கண்டு சிரித்தவாறே, ‘இது நாம்தானா?’ என்று நாமும் எண்ணியதுண்டு.

1972-இல் மாணவர்கள் விண்ணப்பம் அளித்தனர், அச்சின்னம் நீக்கப்பட்டது. பழைய மாணவர் பலர் சினந்தனர். 1975-இல் நடந்த வாக்கெடுப்பில் மாணவர்கள் ‘கொள்ளைப் பிரபுக்கள்’ என்னும் பெயரைத் தெரிந்தெடுத்தனர். பல்கலைக் கழகத்தை நிறுவிய இரயில்வே செல்வரைக் குத்தும் குறும்பு அது, நிர்வாகம் இசையவில்லை. இன்று அவ்வணிகளின் பெயர் ‘கார்டினல்’. பறவையன்று, செந்நிறம் மட்டுமே. இசைக் குழுவினரோடு ஆடிவரும் வேடமோ ஒரு மரம்!

2005-இல் கல்லூரி விளையாட்டுச் சங்கம், பழங்குடியினரை இழிவு செய்யும் சின்னங்களுக்கு இறுதிப் போட்டிகளில் தடை விதித்தது. இல்லினாய் பல்கலைக் கழகம் 1926 முதல் போற்றிய தலைவர் வேடத்தை 2007-இல் கைவிட்டது. புளோரிடா மாநிலப் பல்கலைக் கழகத்திற்கோ ‘செமினோல்’ என்னும் பெயர் நிலைத்தது. புளோரிடாவில் வாழும் செமினோல் குலத்தாரே அதற்கு இசைவு அளித்திருந்தனர்.