சீனக் கம்யூனிஸ்ட் கட்சி: தோற்றமும் அமைப்பும்

ஒரு நாட்டின் ஆட்சிமுறையை அறிய விரும்புவோர் முதலில் அதன் அரசியல் யாப்பை நோக்குவர். சீன நாட்டைப் பொறுத்தவரை அது மட்டும் போதாது. அங்கே அரசாங்கத்தை நெறிப்படுத்துவது கட்சியே. ஆதலின் கட்சி பிறந்து வளர்ந்த வகையை அறிதல் வேண்டும்.

முதலாம் உலகப் போரின் பின், சாந்துங் மாகாணத்தில் ஜெர்மனிக்கிருந்த உரிமைகள் சீனத்திற்கு மீளாது யப்பானுக்கு வழங்கப்பட்டன. அதனைக் கண்டித்து 1919 மே 4 ஆம் நாள் பீக்கிங் மாணவர் கிளர்ந்தெழுந்தனர். அவ்வெழுச்சியின் சூட்டில், பேராசிரியர் சென் துஸியு, பல்கலைக்கழக நூலகர் லீ தாசாவ் ஆகியோரின் வழிகாட்டலில் மார்க்சியக் குழுக்கள் தோன்றின.

1921 யூலையில் ஷங்காய் நகரின் பிரெஞ்சுக் குடியிருப்பில், ஒரு வீட்டிலே முதலாவது மாநாடு கூடிற்று. வந்தவர் பதின்மூவர், அவர்களுள் ஒருவர் இளைஞர் மாவோ சே துங். நாடெங்கும் அப்போதிருந்த உறுப்பினர் ஐம்பதின்மருக்குச் சற்று அதிகம். பொலிஸார் மோப்பம் பிடிக்கவே, இறுதி அமர்வு சியாசிங் ஏரியில் ஒரு படகிலே நடைபெற்றது. மாநாட்டிற்கு வராத சென் துஸியுவே செயலாளராகத் தெரிவானார்.

1927 ஏப்பிரலில் சியாங் கை ஷேக் கட்சியினரை ஷங்காயில் வேட்டையாடினார். எஞ்சியோர் மலைகளிலும் கிராமங்களிலும் கரந்துறைந்தனர். 1934 இல் நெடும் பயணம் புறப்பட்டனர். அக்காலத்தில் இரகசியமும் கீழ்ப்படிதலும் உயிர்காக்கும் கவசங்களாயின. 1949 ஒக்டோபரில் ஆட்சி கைக்கு வந்தபோதும் அவை களையப்படவில்லை.

கட்சியின் அமைப்பு, லெனின் வகுத்த ஜனநாயக மத்தியத்துவத்தின் வழிப்பட்டது. சிறுபான்மை பெரும்பான்மைக்கும், கீழமைப்பு மேலமைப்பிற்கும், அனைத்தும் மத்திய குழுவிற்கும் பணிதல் வேண்டும். மூன்று உறுப்பினர் உள்ள தொழிற்சாலையிலோ கிராமத்திலோ கல்லூரியிலோ ஒரு கிளை அமையலாம். ஐந்தாண்டிற்கொருமுறை தேசிய மாநாடு கூடும். 2022 இல் கூடிய மாநாட்டின் பேராளர் ஏறக்குறைய 2,300 பேர். அவர்கள் 205 பேர் கொண்ட மத்திய குழுவைத் தெரிந்தனர். அது 24 பேர் கொண்ட அரசியற் குழுவையும், அதனுள் 7 பேர் கொண்ட நிலைக்குழுவையும் தெரிந்தது. விதிப்படி அதிகாரம் கீழிருந்து மேலே செல்கின்றது. நடைமுறையிலோ, தெரிவாக வேண்டியோர் பட்டியல் பெரும்பாலும் மேலிருந்தே இறங்குகின்றது. படையும் அரசாங்கத்தைவிடக் கட்சிக்கே கட்டுப்பட்டது.

இவ்வமைப்பின் வலிமையும் ஆபத்தும் 1959 இல் லூஷான் மலையில் வெளிப்பட்டன. 'பெரும் பாய்ச்சல்' திட்டத்தின் குறைகளைப் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் ஒரு கடிதத்தில் மாவோவிற்கு எடுத்துரைத்தார். அதனைத் தாக்குதலாகக் கொண்ட மாவோ அவரைப் பதவி நீக்கச் செய்தார். அதன் பின் குறைகூற அஞ்சிய அதிகாரிகள், இல்லாத விளைச்சலை உள்ளதாக எழுதிவந்தனர். பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டனர்.

அதிகாரம் ஒருவரிடம் குவிதல் தீது என 1980 இல் டெங் சியாவோ பிங் எச்சரித்தார். 1982 ஆம் ஆண்டின் யாப்பு, நாட்டுத் தலைவர் பதவியை இரு தவணைகளுக்கு மட்டுப்படுத்திற்று. 2018 இல் அவ்வரம்பு நீக்கப்பட்டது. கட்சிப் பொதுச் செயலாளர் பதவிக்கோ அத்தகைய வரம்பு என்றும் விதிக்கப்படவில்லை.

இன்று அக்கட்சியின் உறுப்பினர் பத்துக் கோடியினர். வயலில் நிற்கும் கிளை உறுப்பினன் கண்ட உண்மை, நிலைக்குழுவின் எழுவர் செவிக்கு மாற்றமின்றிச் சென்றடையுமா? லூஷானில் எழுந்த அவ்வினாவிற்குக் கட்சியின் விதிகள் இன்னும் விடை பகரவில்லை.