குதிரைத் திறனை அல்ல, காற்றின் அளவைப் பாருங்கள்



பணி ஓய்வு பெற்ற ஒருவர், ஊழியர் சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, தாமான் வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் சிறு பட்டறை அமைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மேசை, நாற்காலிகளைப் புதுப்பித்துக் கொடுப்பது அவருடைய எண்ணம். அதற்காக இரண்டு குதிரைத் திறன் மோட்டாரும் 50 லிட்டர் டேங்க்கும் கொண்ட கம்ப்ரசர் ஒன்றை வாங்கி வருகிறார். கார் டயருக்குக் காற்றடித்துப் பார்க்கிறார், நன்றாக ஏறுகிறது. ஆணி அடிக்கும் துப்பாக்கியும் தடையின்றி வேலை செய்கிறது. மனம் நிறைகிறது.

மறுநாள், மரத்தைத் தேய்க்கும் காற்று சாண்டரை மாட்டுகிறார். முப்பது, நாற்பது விநாடிதான். சாண்டர் சோர்ந்துவிடுகிறது. கம்ப்ரசரோ ஓய்வில்லாமல் உறுமிக்கொண்டே இருக்கிறது. பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவர் கலங்குகிறார். உண்மையில் கம்ப்ரசரில் பழுதில்லை. வாங்குமுன் போட்டிருக்க வேண்டிய கணக்கில்தான் பிழை.

அந்தக் கணக்கு மிக எளிது. ஒரு கருவி நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று குடிக்கிறது? கம்ப்ரசர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கொடுக்கிறது? இந்த இரண்டும் பொருந்த வேண்டும். ஆணித் துப்பாக்கிக்கு ஓர் ஆணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் போதும். சாண்டருக்கோ நிமிடத்துக்கு 280 லிட்டரோ அதற்கு மேலோ, இடைவிடாமல் வேண்டும். சில பெட்டிகளில் இந்த அளவு சிஎஃப்எம் என்று இருக்கும். ஒரு சிஎஃப்எம் ஏறக்குறைய 28 லிட்டர்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பெட்டியில் 200 லிட்டர் என்று அச்சிட்டிருந்தால், அது பெரும்பாலும் பிஸ்டன் உள்ளே இழுக்கும் காற்றின் அளவு. வேலைக்குத் தேவையான 6 பார் அழுத்தத்தில், அதாவது ஏறக்குறைய 90 பிஎஸ்ஐயில், குழாய் வழியே வெளியே வருவது 120 லிட்டர் அளவில்தான் இருக்கும். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

பெரிய டேங்க் வாங்கினால் சரியாகிவிடாதா என்று சிலர் கேட்கலாம். 50 லிட்டர் டேங்க்கில் அழுத்தம் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்போது கிடைக்கும் காற்று 100 லிட்டர். சாண்டர் நிமிடத்துக்கு 280 கேட்கிறது, கம்ப்ரசர் 120 தருகிறது. பற்றாக்குறை 160. ஆக, கையிருப்பு 40 விநாடிக்குள் தீர்ந்துவிடும். டேங்க் பெரிதானால் அந்த நேரம் சற்று நீளும், அவ்வளவுதான். சம்பளம் போதாதவருக்குச் சேமிப்பு எத்தனை நாள் கைகொடுக்கும்?

பெரிய மோட்டாருக்கும் ஓர் எல்லை இருக்கிறது. மலேசிய வீடுகளில் சாதாரண பிளக் 13 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது சுமார் 3,000 வாட். மோட்டாரின் இழப்பு, கிளம்பும்போது அது இழுக்கும் கூடுதல் மின்சாரம் எல்லாவற்றையும் கழித்தால், இரண்டு குதிரைத் திறன்தான் வசதியான அளவு. அதே பிளக்கில் ஓடும் கம்ப்ரசரின் மேல் ஐந்து என்று ஒட்டியிருந்தால் அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். மெல்லிய நீட்டிப்பு வயரில் மாட்டுவதும் மோட்டாருக்குக் கேடு. தூரம் வேண்டுமானால் காற்றுக் குழாயை நீட்டுங்கள், மின்வயரை அல்ல.

அப்படியானால் அந்த ஓய்வு பெற்றவர் என்ன செய்திருக்கலாம்? முதலில் தமக்கு வேண்டிய கருவிகளைப் பட்டியலிட்டிருக்கலாம். தேய்ப்பதற்கு மின்சார சாண்டர் ஒன்று வாங்கியிருந்தால், காற்று சாண்டருக்கு ஈடுகொடுக்கும் பெரிய கம்ப்ரசரின் விலையில் சிறு பகுதிதான் செலவாகியிருக்கும். ஆணி அடிக்கவும், தூசி ஊதவும், குறைந்த காற்றில் இயங்கும் ஸ்ப்ரே கன்னால் வர்ணம் பூசவும் இரண்டு குதிரைத் திறனே போதும். அடுத்தடுத்த வீடுகள் ஒட்டியிருக்கும் தாமானில் இரைச்சலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சத்தம் குறைந்த வகைகள் இப்போது கிடைக்கின்றன.

வாங்கிய பிறகும் ஒரு கடமை இருக்கிறது. இங்குள்ள காற்று ஈரமானது. 30 டிகிரி வெப்பத்தில் 10,000 லிட்டர் காற்றை அழுத்தி அடைத்தால், சுமார் 200 கிராம் தண்ணீர் பிரியும். நிமிடத்துக்கு 120 லிட்டர் தரும் கம்ப்ரசர் ஒன்றரை மணி நேரம் ஓடுவதற்குள் ஒரு குவளைத் தண்ணீர் சேர்ந்துவிடும்! அது டேங்க்கின் அடியில் தங்கி, உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். வெளியே வர்ணம் பளபளக்கும், உள்ளே தகடு மெலிந்துகொண்டிருக்கும். அப்படி மெலிந்த டேங்க் அழுத்தத்தில் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

எனவே வேலை முடிந்த ஒவ்வொரு நாளும், அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, அடியில் உள்ள வால்வைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள். கசியும் டேங்க்கை வெல்டிங் செய்து ஒப்பேற்ற வேண்டாம். காற்றுக்குப் பிவிசி தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்த வேண்டாம், அது சில்லு சில்லாகச் சிதறும். உடம்பில் ஒட்டிய தூசியைக் காற்றால் ஊதும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் காட்டிவிடாதீர்கள்.

விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள். கருவிக்கேற்ற காற்று என்பதும் அதைப் போன்றதே. கடைக்குப் போகுமுன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஓய்வுக்காலப் பணமும் மிஞ்சும், பட்டறையில் நிம்மதியும் இருக்கும்.