வாய் அசைகிறது, குரல் எங்கே?



கொட்டகையில் படம் ஓடுகிறது. நாயகன் கொதித்துப் பேசுகிறான். வாய் அசைகிறது, சொல் வரவில்லை. "மியூட் பண்ணிட்டாங்க" என்கிறார் பக்கத்து இருக்கைக்காரர். அது கருவிக் கோளாறு அல்ல. நூறாண்டு தாண்டிய ஓர் அரசுக் கொள்கைதான் அங்கே நம் காதில் விழுகிறது!

1918-ல் வெள்ளையன் திரைப்படச் சட்டம் போட்டான். அது ஊமைப்படக் காலம். படம் பேசத் தொடங்கியதும் தணிக்கை பேச்சின் குரல்வளையைப் பிடித்தது. 1939-ல் கே. சுப்பிரமணியம் எடுத்த 'தியாகபூமி'யில் டி.கே. பட்டம்மாளின் தேசபக்திக் குரல் ஒலித்தது. படத்தையே தடை செய்தார்கள். 1947-ல் வெள்ளையன் போனான், கத்தரி போகவில்லை. 1952-ல் நாம் போட்ட சட்டமும் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது.

'ஒரே ஒரு கிராமத்திலே' இட ஒதுக்கீட்டைக் குறை சொன்ன படம். அதன் கருத்து எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் 1989-ல் உச்ச நீதிமன்றம் அதன் பக்கம் நின்றது சரி. போராட்டம் வரும் என்று அஞ்சிக் கருத்துரிமையைப் பறிக்கக் கூடாது என்றது தீர்ப்பு. நமக்குப் பிடிக்காத குரலுக்கும் சேர்த்துத்தான் இந்த மேடை!

அந்தத் தீர்ப்பு என்ன ஆயிற்று? 2018-ல் 'சர்கார்' படம் தணிக்கை முடிந்து வெளிவந்தது. அன்றைய ஆளுங்கட்சியினர் திரையரங்குகளின் முன் திரண்டு பேனர்களைக் கிழித்தார்கள். காட்சி வெட்டப்பட்டது, ஒரு பாத்திரத்தின் பெயர் ஊமையாக்கப்பட்டது.

நம் திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில், தலைமுறைகளாக வாசலில் நிறுத்தப்பட்ட பட்டியலின மக்கள் 2023 ஜனவரியில் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அப்படியொரு கதையை நாளை ஓர் இளைஞன் படமாக்கினால், சாதி சொல்லி ஏசும் வசனம் மியூட் ஆகுமா? மியூட் ஆனால் யாருக்கு லாபம்? ஏசியவன் தப்பித்துக்கொள்வான்; ஏச்சு வாங்கியவனின் காயத்துக்குச் சாட்சி இருக்காது!

மியூட் செய்த சொல்லையாவது உதட்டசைவில் படித்துவிடலாம். தணிக்கை வாரியத்துக்கு அஞ்சி எழுதாமலே விட்ட வசனத்தை எங்கே போய்த் தேடுவது?

வயதுவாரியாக வகைப்படுத்துவதே வாரியத்தின் வேலை என்று 2016-ல் அரசே அமைத்த ஷியாம் பெனகல் குழு சொன்னது. 2021-ல், வாரியத்தின் முடிவை எதிர்த்து முறையிட இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையே கலைத்தார்கள். 2023-ல் 7, 13, 16 என்று வயதுப் பிரிவுகளைச் சேர்த்தார்கள். கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

நம் கோரிக்கை ஒன்றுதான். யார் பார்க்கலாம் என்று சான்றிதழில் எழுதுங்கள். எதைக் கேட்கலாம் என்பதை மக்கள் முடிவு செய்வார்கள். வெட்டும் அதிகாரத்தைச் சட்டத்திலிருந்து நீக்குங்கள்!