ஊரார் மீட்ட கழகம்



விளையாட்டுக் கழகம் ஒன்று யாருக்கு உரியது? பணமிட்டவர்க்கா, போட்டியை நடத்துவோர்க்கா, அன்றி அது பிறந்த ஊருக்கா? இவ்வினாவை அவுஸ்திரேலியாவின் தெற்குச் சிட்னி றக்பி லீக் கழகத்தின் வரலாற்றைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

கொழும்பிலும் கண்டியிலும் நாம் காணும் றக்பி, அணிக்குப் பதினைவர் ஆடுவது. றக்பி லீக் அதனின்றும் பிரிந்த ஆட்டம். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த வட இங்கிலாந்து ஆட்டக்காரர், ஆட்டத்தின் பொருட்டு இழந்த கூலிக்கு ஈடு கேட்டனர். தலைமைச் சங்கம் மறுத்தது. 1895இலே வடபகுதிக் கழகங்கள் தனிவழி சென்றன. 1906இலே அணியின் தொகையும் பதின்மூன்றாகக் குறைந்தது.

அதே கூலிக் குறை சிட்னியிலும் எழுந்தது. 1908 ஜனவரி 17ஆம் நாள், றெட்பேர்ன் நகரமண்டபத்திலே தெற்குச் சிட்னிக் கழகம் தோன்றியது. அந்நாளில் அப்பகுதி தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த இடம். ஆட்டக்காரர் சிலர் தெருத்தெருவாக முயல் கூவி விற்று நாலு காசு தேடினர் என்றும், அக்கூவலே கழகத்தின் பட்டப்பெயராயிற்று என்றும் செவிவழிச் செய்தி உண்டு. சின்னத்திலே இன்றும் முயல் ஓடுகின்றது.

சிவப்பும் பச்சையும் பூண்ட அவ்வணி முதலாண்டிலேயே வெற்றிவாகை சூடியது; 1971க்குள் இருபது தடவை சாம்பியனாயிற்று. 1970ஆம் ஆண்டின் இறுதியாட்டத்திலே, தொடக்கத்திலேயே தாடையெலும்பு முறிந்தும் கடைசிவரை ஆடி அணியை வெல்லவைத்தார் தலைவர் ஜோன் சற்லர்.

பின்னர் வறுமை சூழ்ந்தது, வெற்றிகளும் அருகின. போட்டியை நடத்தியோர் அணிகளின் தொகையைப் பதினான்காகக் குறைக்க முனைந்து, 1999 ஒக்டோபரிலே இக்கழகத்தை நீக்கினர். வரவுசெலவுக் கணக்கிலே அது குறைவுடையதாய் இருக்கலாம். ஆனால், தந்தையின் தோளிலமர்ந்து ஆட்டம் பார்த்த பிள்ளையின் நினைவை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஊரார் வாளாவிருக்கவில்லை. முன்னாள் ஆட்டக்காரரான ஜோர்ஜ் பிக்கின்ஸ் முன்னின்றார். ஆதரவாளர் பணந் திரட்டி வழக்குத் தொடுத்தனர். 2000 நவம்பரிலே ஏறத்தாழ 80,000 பேர் சிட்னி வீதிகளில் அணிவகுத்து நடந்தனர். முதல் வழக்கிலே தோல்வி. 2001 ஜூலையிலே மேன்முறையீட்டில் வெற்றி. 2002இலே கழகம் மீண்டும் களம் புகுந்தது.

இங்கே கதையில் ஒரு திருப்பம். 2003இலே நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அந்த மேன்முறையீட்டுத் தீர்ப்பை மாற்றியது. சட்டம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது; ஆயினும், திரும்பிவந்த கழகத்தை வெளியேற்ற எவரும் முற்படவில்லை. நீதிமன்றம் வழங்காத உரிமையை அந்த எண்பதினாயிரம் பேரின் நடை நிலைநாட்டிற்று என்றே சொல்லத் தோன்றுகின்றது.

மற்றொரு சோதனையும் வந்தது. 2006இலே, பிக்கின்ஸ் எதிர்த்தபோதும், உறுப்பினர் வாக்களித்துக் கழகத்தின் முக்காற் பங்கை நடிகர் றசல் குறோவுக்கும் தொழிலதிபர் ஒருவருக்கும் விற்றனர். காற்பங்கைத் தமக்கென வைத்துக்கொண்டனர். நடந்து மீட்ட கழகத்தை விற்றது முறையோ என்ற வழக்கு வீடுகளுக்குள்ளும் நடந்திருக்கும். அன்பினால் மாத்திரம் ஆட்டக்காரர்க்குச் சம்பளம் கொடுக்க இயலாது என்பதும் உண்மையன்றோ?

2014இலே, நாற்பத்து மூன்று ஆண்டுகளின் பின், 30க்கு 6 என்ற கணக்கிலே வென்று அவ்வணி மீண்டும் சாம்பியனாயிற்று. அன்றும் ஒருவர், சாம் பேர்ஜெஸ், ஆட்டத் தொடக்கத்தில் கன்னவெலும்பு முறிந்தும் இறுதிவரை ஆடினார்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பத்திரத்திலே உரிமை யார் பெயரிலும் இருக்கலாம். ஆனால், ஒரு கழகம் அழியும் வேளையிலே அதற்காகத் தெருவில் இறங்கி நடப்பவர் எவரோ, அவரே அதற்கு உரியவர். நம்மூர்க் கழகங்களுக்காக நாம் எவ்வளவு தூரம் நடப்போம் என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.