வரியும் வாக்கும்: பம்பாயின் பழைய சங்கங்கள் தரும் பாடம்

(நகர வளர்ச்சிப் பணியாளர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



மக்கள் பங்கேற்பு என்னும் சொற்றொடர் நமது திட்ட ஆவணங்கள் அனைத்திலும் இடம் பெறுகிறது. ஆனால் பங்கேற்கும் மக்கள் யார் என்ற கேள்வி அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. இக்கேள்வியை ஆராய்வதற்கு, இன்று மும்பை என வழங்கும் பம்பாய் நகரின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு பெரிதும் துணை புரியும்.

அந்நியர் ஆட்சியில் இருந்த அந்நகரில், அரசின் ஆணைக்குக் காத்திராமல் மக்கள் தாமாகவே சங்கங்களை அமைத்தனர். 1848-ல் எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் இலக்கிய, அறிவியல் சங்கம் ஒன்றை நிறுவினர். மறு ஆண்டே அச்சங்கத்தினர் பெண்களுக்கான பள்ளிகளைத் திறந்தனர். இளைஞரான தாதாபாய் நௌரோஜியும் அவருடைய தோழர்களும் ஊதியம் பெறாமல் அங்குக் கற்பித்தனர். 1852-ல் ஜகந்நாத் சங்கர்சேட், பாவ் தாஜி, நௌரோஜி ஃபர்துன்ஜி முதலியோரின் முயற்சியால் பம்பாய் சங்கம் தோன்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் மறுபரிசீலனைக்கு வந்த நேரம் அது. நாட்டு மக்களின் குறைகளை எடுத்துரைத்துச் சங்கம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பம் அனுப்பியது. அதே ஆண்டில் சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டியாரின் முயற்சியால் எழுந்த சுதேசி சங்கமும் இத்தகைய விண்ணப்பத்தை அனுப்பியது.

இச்சங்கங்களின் உறுப்பினர்கள் வணிகர்களும் ஆங்கிலக் கல்வி கற்றோருமே. எனினும் சந்தா வசூலிப்பது, விதிமுறைப்படி கூட்டம் நடத்துவது, மாற்றுக் கருத்தைப் பொறுமையாகக் கேட்பது, கணக்கை உறுப்பினர் முன் வைப்பது ஆகிய பழக்கங்கள் இங்குதான் வேரூன்றின. தம் சங்கத்தில் கணக்குக் கேட்கப் பழகியவர்கள் நாளடைவில் நகராட்சியிடமும் கணக்குக் கேட்கத் துணிந்தனர்.

அதற்கான தருணமும் வந்தது. 1865-ல் நகர நிர்வாகம் ஆர்தர் கிராஃபோர்டு என்ற ஆணையரிடம் ஒப்படைக்கப்பட்டது. சாலை, துப்புரவு, சந்தைக் கட்டடம் எனப் பல நற்பணிகளை அவர் விரைந்து செய்தார். ஆனால் செலவு வரவை மிஞ்சியது. அவரைக் கண்காணிக்க வேண்டிய ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் எனப்பட்டோர் அரசால் நியமிக்கப்பட்டவர்கள். பருத்தி வாணிபத்தின் வீழ்ச்சியால் நகரம் நொடித்திருந்த நிலையில் வரிச்சுமையும் ஏறவே, 1871-ல் வரி செலுத்துவோரின் கிளர்ச்சி வெடித்தது. நௌரோஜி ஃபர்துன்ஜி அதில் முன்னின்றார். அவ்வாண்டிலேயே இளம் வழக்கறிஞர் ஃபெரோஸ்ஷா மேத்தா, நிர்வாக அதிகாரம் ஒருவரிடம் இருக்கட்டும், அவரைக் கேள்வி கேட்கும் மன்றத்தை மக்கள் தேர்ந்தெடுக்கட்டும் என்று வாதிட்டார்.

1872-ஆம் ஆண்டுச் சட்டம் 64 உறுப்பினர் கொண்ட மாநகராட்சியை ஏற்படுத்தியது. அவர்களுள் பாதிப்பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கலாயினர். அக்கால இந்தியாவில் இது பெரிய வெற்றியே.

ஆயினும் பொருளாதார மாணவன் என்ற முறையில் இங்கு ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். ஆண்டுக்கு ஐம்பது ரூபாய் வரி செலுத்துவோருக்கே அன்று வாக்குரிமை இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு அது பல மாத ஊதியம். வீட்டு வரியை நகராட்சி அலுவலகத்தில் கட்டியவர் வீட்டுச் சொந்தக்காரர். ஆனால் வரிச்சுமையில் ஒரு பகுதி வாடகை வழியாகக் குடியிருப்போரின் தலையில் இறங்கவே செய்யும். ஒற்றை அறையில் குடும்பத்தோடு நெருக்கி வாழ்ந்தவர் வரியில் பங்கு ஏற்றார். வாக்கில் அவருக்குப் பங்கில்லை. சாக்கடை எந்தத் தெருவுக்கு முதலில் வர வேண்டும் என்று முடிவு செய்தவர்களுள் அவரும் இல்லை.

இதன் விலை 1896-ல் தெரிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோயை முதலில் கண்டறிந்தவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ். அவர் மாநகராட்சி உறுப்பினரும் ஆவார். நோயைத் தடுக்க வீடு வீடாகச் சோதனை நடந்தது. நோயாளிகள் வலுக்கட்டாயமாக அகற்றப்பட்டனர். யாரும் தம்மைக் கலந்து பேசாத நிலையில், எளிய மக்கள் மருத்துவமனையைக் கண்டே அஞ்சினர். அக்டோபரில் ஆலைத் தொழிலாளர் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். 1898 மார்ச்சில் மீண்டும் கலகம் மூண்டது. இதற்கிடையே பல சமூகத்தினர் தம்முள் நிதி திரட்டிச் சொந்த மருத்துவமனைகளை அமைத்தனர். அறிந்த முகமும் அறிந்த மொழியும் இருந்த அவ்விடங்களுக்கு வர மக்களின் தயக்கம் குறைந்தது. எனினும் சமூகத்திற்கொரு மருத்துவமனை என்ற ஏற்பாட்டில், திரட்ட நிதியில்லாதவர் நிலை என்ன என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விடுபட்டவர்களும் வாளாவிருக்கவில்லை. நாராயண் மேகாஜி லோகண்டே 1884-லேயே ஆலைத் தொழிலாளரைத் திரட்டி ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களுடன் விண்ணப்பம் அளித்தார். 1890-ல் அவர்களுக்கு வார விடுமுறை கிடைத்தது. 1911-ல் என். எம். ஜோஷி நிறுவிய சமூக சேவைக் கழகம் தொழிலாளர் குடியிருப்புகளில் இரவுப் பள்ளிகளையும் நூலகங்களையும் நடத்தியது. 1922-ல் மாதம் பத்து ரூபாய் வாடகை செலுத்துவோரும் நகராட்சி வாக்காளராயினர். வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் மாநகராட்சித் தேர்தல் 1948-ல், விடுதலைக்குப் பின்னரே நடைபெற்றது. 1872-லிருந்து கணக்கிட்டால் 76 ஆண்டுகள்!

இன்று வாக்குரிமை அனைவருக்கும் உண்டு. 1992-ல் நிறைவேறிய 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வார்டுக் குழுக்களுக்கு வழி வகுத்துள்ளது. சட்டம் திறந்த கதவின் வழியே யார் உள்ளே வருகிறார்கள் என்பதைக் காண்பது நம் பணி.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நகரில் குடிநீர்த் திட்டம் பற்றிய கருத்தறியும் கூட்டத்தின் குறிப்பேட்டைத் தணிக்கை செய்தேன். முறைப்படி அறிவிப்பு, போதிய வருகை, அழகிய கையொப்பங்கள் எல்லாம் இருந்தன. பொதுக்குழாயில் நீர் பிடிப்பவர் ஒருவர் பெயரும் இல்லை. கூட்டம் வைத்திருந்த நேரம் காலை பதினொரு மணி. அந்நேரத்தில் அவர்கள் கூலி வேலையில் இருந்திருப்பார்கள். அன்று நானும் அக்குறிப்பேட்டில் "சரி பார்க்கப்பட்டது" என்றெழுதிக் கையொப்பமிட்டேன். அதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே, நீங்கள் பணியாற்றப் போகும் நகரங்களில் எத்தனை சங்கங்கள் உள்ளன என்று எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். கூட்டம் எந்த நேரத்தில், எந்த இடத்தில் நடக்கிறது, வாடகைக் குடியிருப்போர் அதில் பேசினார்களா, அவர்கள் கேட்ட கேள்விக்கு யார் எழுத்தில் விடையளித்தார் என்பதையும் பதிவு செய்யுங்கள். குறிப்பேட்டில் கையொப்பமிடும் முன், அதில் இல்லாத பெயர்கள் எவையென ஒருமுறை தேடிப் பாருங்கள்.