வெளிச்சம் எங்கே தெரியுது?

பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேரும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் பெரிய வேலையே அரம் போடுவதுதான். இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, ராவி ராவிச் சமதளமாக்க வேண்டும்.

பயிற்றுநர் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்து, பத்துக்கு நாலு மதிப்பெண் என்று போட்டுவிடலாம். நல்ல பயிற்றுநர் அதோடு விடமாட்டார். ட்ரை ஸ்கொயர் என்னும் மூலமட்டத்தைத் துண்டின்மேல் வைத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "எங்கேப்பா வெளிச்சம் தெரியுது?" என்று பையனையே கேட்பார். இரண்டு ஓரத்திலும் தெரிந்தால் நடு மேடாக நிற்கிறது, அரம் கையில் ஆடியிருக்கிறது. உடனே அவன் நிற்கும் விதத்தைப் பார்ப்பார். வைஸ் அவன் முழங்கை உயரத்தில் இருக்கிறதா என்றும் பார்ப்பார். எனக்கு இப்படிக் காரணம் தேடுவதுதான் உண்மையான தேர்வாகப் படுகிறது.

அளவெடுப்பதிலும் அப்படித்தான். வெர்னியர் காலிப்பரில் அளவைத் தப்பாகச் சொல்லும் பிள்ளைக்குச் சில நேரம் கைப்பழக்கம் சரியாகவே இருக்கும். 0.02 மில்லிமீட்டர் என்றால் தடுமாறும். தசமக் கணக்கு பள்ளியிலேயே விட்டுப்போயிருக்கும். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு துண்டைக் கொடுத்துப் பயனில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைச் சொல்லித்தர வேண்டும். பதிவேட்டில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் 'தசமம் வரவில்லை' என்று எழுதி வைத்தால், அடுத்த வகுப்பு எடுப்பவரும் அங்கிருந்தே தொடங்கலாம்.