எண்ணெய் மிச்சமா, தவணை மிச்சமா?



விடியற்காலை ஐந்தரை மணிக்கு ரந்தாவிலிருந்து செனவாங் போகும் சாலையோரம் நின்று பார்த்தால், தோட்டப்புறத்தின் இன்றைய கதை கண்ணில் படும். செம்பனைக் காட்டுக்குள்ளிருந்து, செம்மண் பாதை வழியாக, ஒவ்வொரு விளக்காக வெளியே வரும். பெரும்பாலும் ஒற்றை விளக்கு. மோட்டார் சைக்கிள்கள். நடுவே ஒரு பழைய கஞ்சில், ஒரு வீவா, எப்போதாவது புத்தம் புதிய அக்சியா. எல்லாமே காலை ஷிப்டைப் பிடிக்கும் அவசரத்தில் இருக்கும்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்த அவசரம் இல்லை. வேலை, வீட்டு வாசலிலேயே இருந்தது. லயத்திலிருந்து பெரட்டுக்களத்துக்கு நடை, பெரட்டுக்களத்திலிருந்து நிரைக்கு நடை. சைக்கிள் வைத்திருந்தவர் வசதிக்காரர். கார் என்றால் அது துரையின் கார், அப்புறம் பெரிய கிராணியின் கார். லின்சம், அதர்ட்டன், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் என்று நெகிரி செம்பிலானில் எந்தத் தோட்டத்தைக் கேட்டாலும் இதே கதைதான். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. நீலாயிலும் சிரம்பானைச் சுற்றிலும் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. பிள்ளைகளுக்கு வேலை செனவாங்கில், துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டையில், நீலாயில், 1998இல் திறக்கப்பட்ட விமான நிலையத்தைச் சுற்றி. வீடு மட்டும் பழைய இடத்திலேயே, பேருந்து எட்டிப் பார்க்காத இடத்தில்.

லாபு, தீரோய் பக்கம் இருப்பவர்களுக்குக் கொமுட்டர் ரயிலாவது உண்டு. சிலியாவ் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கு? தொழிற்சாலைப் பேருந்து முச்சந்தி வரை வரும், வராமலும் போகும். இரவு ஷிப்டு முடிந்து கூடுதல் நேர வேலையும் பார்த்தால் அந்தப் பேருந்தும் போய்விட்டிருக்கும்.

ஆகவே இன்றைய கேள்வி "கார் வாங்கலாமா?" என்பதல்ல. "எந்தக் கார், எந்தக் கணக்கில்?" என்பதே.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், இப்படி நூறு வீடுகள் உண்டு. அப்பா தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகன் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். சம்பளம், 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச அளவான 1,700 ரிங்கிட். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, சொக்சோவுக்குக் கொஞ்சம் போனால் கைக்கு வருவது ஏறத்தாழ 1,500. அவன் இரண்டு வருடமாக மோட்டாரில்தான் போய்வருகிறான். மழைநாளில் மகன் வீடு திரும்பும்வரை அம்மா படுப்பதில்லை. இந்த நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் என்பது அந்த அம்மாவுக்குப் புள்ளிவிவரமாகத் தெரியாது. லோரி வெளிச்சத்தில் கண் கூசும் சாலை எது என்பது அவருக்குத் தெரியும்.

அம்மாவின் கட்சி "கார்". அப்பாவின் கட்சி "பழைய கார்". மகனின் கட்சி வேறு.

"பழைய காடி வாங்கினா பட்டறையிலதான்ப்பா கிடக்கும். புதுசா ஒரு மைவி எடுத்தா எண்ணெயும் மிச்சம், தொல்லையும் இல்ல."

"எண்ணெய் மிச்சம் சரிடா தம்பி. பேங்க்காரனுக்கு யாரு கட்டுறது?"

இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. பென்சிலை எடுத்தால்தான் எவ்வளவு உண்மை என்று தெரியும்.

அவன் போய்வரும் தூரம் நாளுக்கு 40 கிலோமீட்டர் என்று வையுங்கள். மாதம் 26 நாள் வேலை. 1,040 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் சிறிய காருக்கு 65 லிட்டர் வேண்டும். 2025 செப்டம்பர் 30ஆம் தேதி மைகார்டு வழியாகத் தொடங்கிய சலுகை விலையில், லிட்டர் 1.99 ரிங்கிட் என்று கணக்கிட்டால், மாதம் 129 ரிங்கிட். அதே தூரத்தை லிட்டருக்கு 10 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் பழைய பெரிய காரில் போனால் 104 லிட்டர், 207 ரிங்கிட். வித்தியாசம் 78 ரிங்கிட். சிறிய தொகையல்ல. ஒரு வாரத்துக் காய்கறிச் செலவு என்று எந்த வீட்டு அம்மாவும் சொல்வார்.

இப்போது தவணைக்கு வாருங்கள். 2023இல் அரசாங்கத்தின் 'ரஹ்மா' திட்டத்தை ஒட்டி, மேனுவல் கியர் கொண்ட அக்சியா 22,000 ரிங்கிட் விலையில் விற்பனைக்கு வந்தது. அந்த விலையையே உதாரணமாக வைத்து, பத்து விழுக்காடு முன்பணம் கட்டி, மீதி 19,800 ரிங்கிட்டை 3.5 விழுக்காடு நிலையான வட்டியில் ஒன்பது வருடத்துக்குக் கடனாக எடுத்தால் மாதம் 241 ரிங்கிட். 50,000 ரிங்கிட் காருக்கு அதே கணக்கில் 45,000 கடன், மாதம் 548 ரிங்கிட். இடைவெளி 307 ரிங்கிட்!

இந்த இரண்டு புதிய கார்களுக்கும் இடையே பெட்ரோல் செலவில் வித்தியாசம் எவ்வளவு வரும்? பத்து, இருபது ரிங்கிட். எண்ணெய் மிச்சம் என்று பேசிக்கொண்டே முந்நூறு ரிங்கிட்டைக் கோட்டை விடுவது இங்கேதான். விற்பனைக்காரர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பெரிய எழுத்தில் காட்டுவார், ஒன்பது வருடத்தில் கட்டப்போகும் மொத்த வட்டியைச் சிறிய எழுத்தில் காட்டுவார். 45,000 கடனுக்கு அந்த வட்டி 14,175 ரிங்கிட். ஒரு பழைய அக்சியாவுக்கே அதில் முக்கால்வாசி பணம் வந்துவிடும்.

மகனின் சம்பளத்தில் சிறிய கார் எவ்வளவு இடம் பிடிக்கும்? தவணை 241, பெட்ரோல் 129, காப்புறுதி, டயர், எண்ணெய் மாற்றுதல் எல்லாவற்றுக்கும் 130 என்று ஒதுக்கினால் மொத்தம் 500. கைக்கு வருவதில் மூன்றில் ஒரு பங்கு. மூச்சு விடலாம். பெரிய காரில் இதே கூட்டல் எண்ணூறைத் தாண்டும். பாதிச் சம்பளத்துக்கு மேல். கூடுதல் நேர வேலை இருக்கும்வரை ஓடும். அது குறைகிற மாதத்தில்தான் வங்கியிலிருந்து தொலைபேசி வரும்.

கடன் கட்ட முடியாமல் போனால் என்ன நடக்கும் என்பதைக் கார் வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. 1967ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறிய பிறகு, 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் காரை இழுக்க முடியும். காரின் ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிவிட்டவரிடம் நீதிமன்ற ஆணை இல்லாமல் இழுக்க முடியாது. இது தெரியாமல், வாசலில் நான்கு பேர் வந்து நின்றதும் சாவியை நீட்டியவர்கள் ஏராளம். சிக்கல் முற்றுமுன் ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போகலாம். 2006 முதல் இயங்குகிறது, ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. சிரம்பான் வரை போகும் பெட்ரோல் செலவுதான்.

இன்னொரு வலையும் உண்டு. 'சம்போங் பாயார்'. "என்னால கட்ட முடியல அண்ணே, நீங்க தொடர்ந்து கட்டுங்க, காடிய எடுத்துக்குங்க." கேட்க இனிக்கும். முன்பணம் இல்லை, வங்கி விசாரணை இல்லை. ஆனால் கடன் யார் பேரில்? பழையவர் பேரில். காப்புறுதி யார் பேரில்? அவர் பேரில். கார் யாருடையது? கடன் தீரும்வரை வங்கியுடையது. மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டியவரின் காரைப் பழைய முதலாளி ஒரு கையெழுத்தில் திரும்பக் கேட்கலாம். விபத்து என்று வந்துவிட்டால் யார் யாரைத் தேடி ஓடுவது? தோட்டத்தில் சொந்தபந்தம், முகதாட்சணியம் பார்த்துச் செய்கிற காரியங்களில் இதைவிட ஆபத்தானது குறைவு.

சரி, அப்பாவின் கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும்.

1994இல் பெரோடுவா நிறுவனம் கஞ்சிலைக் கொண்டுவந்தபோது தோட்டப்புறத்துக்கு ஒரு கதவு திறந்தது. கஞ்சில் என்றால் சருகுமான். பெயருக்கேற்ற உருவம். 660 சிசி, மூன்று சிலிண்டர், பன்னிரண்டு அங்குலச் சக்கரம். 1985இல் வந்த புரோட்டோன் சாகா கிராணிமார், ஆசிரியர்மார் வீட்டு வாசலில் நின்றது என்றால், கஞ்சில்தான் லயத்து வாசலுக்கு வந்தது. அதில் ஐந்து பேர், இரண்டு மூட்டை அரிசி, தீபாவளிக்கு ஓர் ஆட்டுக்கால் என்று ஏற்றிக்கொண்டு போனவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுவார்கள். 2009இல் உற்பத்தி நின்றது. இன்றும் சாலையில் ஓடுகிறது. உதிரிப்பாகம் கிடைக்கிறது. எந்தப் பட்டறையிலும் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் இருப்பார்.

ஆனால் அதில் காற்றுப்பை இல்லை. மகனை மோட்டாரிலிருந்து இறக்குவதே பாதுகாப்புக்காக என்றால், இருபது வருடத்துக்கு முந்திய மெல்லிய தகரக் கூட்டுக்குள் உட்கார வைப்பதை ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும். 2014இல் அக்சியா வந்தபோது ஆசியான் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது. 2017இல் வந்த மைவி ஐந்து பெற்றது. பழைய கார்தான் என்று முடிவானால், முதல் அக்சியாவிலிருந்து இந்தப் பக்கம் தேடுவது மேல். வயது கூடிய காருக்கு வங்கி கடன் தரத் தயங்கும், வட்டியும் கூடும். அதனால் கூட்டுப் பணம், சீட்டுப் பணம் என்று கையில் ரொக்கம் உள்ளவருக்குத்தான் பழைய கார் உண்மையில் மலிவு.

விளம்பரத்தில் சொல்லும் கிலோமீட்டர் ஏன் வீட்டில் கிடைப்பதில்லை என்று பலர் கேட்பதுண்டு. சோதனைக்கூடத்தில் செம்மண் பாதை இல்லை, செம்பனை லோரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்வது இல்லை, பின் இருக்கையில் மூன்று பேர் இல்லை. உண்மையைக் கண்டுபிடிக்க வழி எளிது. டாங்கியை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். மூன்று முறை செய்தால் போதும். கணக்கு திடீரென்று இறங்கினால் டயர் காற்றை முதலில் பாருங்கள், பிறகு பட்டறைக்குப் போகலாம்.

சிறிய எஞ்சின் எல்லா இடத்திலும் மிச்சம் பிடிக்கும் என்பதும் சரியல்ல. ரந்தாவிலிருந்து செனவாங் போகிறவருக்கு 1,000 சிசி தாராளம். சாலை வரி வருடத்துக்கு 20 ரிங்கிட்டோடு முடிந்தது. பகாவ் பக்கத்திலிருந்து கோல பிலா வழியாக, புக்கிட் புத்துஸ் ஏறி, அறுபது கிலோமீட்டருக்கு மேல் நாலு பேரை வைத்துக்கொண்டு சிரம்பானுக்கு வருகிறவர் கதை வேறு. ஏற்றத்தில் சிறிய எஞ்சினை அழுத்தி அழுத்தி ஓட்டினால் அதன் மிச்சம் கரைந்துவிடும். அவருக்கு 1,300 சிசி பொருந்தும். சாலை வரி 70 ரிங்கிட், வருடத்துக்கு 50 கூடுதல், அவ்வளவே. நாலு பேர் பெட்ரோலைப் பங்கிட்டுக்கொள்வதும் நல்ல ஏற்பாடு. ஆனால் அதையே கூலி வண்டியாக்கிப் பணம் வசூலித்தால், விபத்து நடந்த நாளில் தனியார் காருக்கான காப்புறுதி கைகொடுக்காது.

இன்றைய பெட்ரோல் விலையை நம்பி ஒன்பது வருடத்துக்குத் திட்டம் போடுவதும் ஆபத்து. 2008 ஜூன் 5ஆம் தேதியை மறந்திருக்கமாட்டீர்கள். 1.92 ரிங்கிட்டாக இருந்த பெட்ரோல் ஒரே இரவில் 2.70 ஆனது. சிறிய கார்க்காரர்களுக்கு 625 ரிங்கிட் திரும்பக் கிடைத்தது உண்மைதான், ஆனாலும் பலர் காரை வாசலில் நிறுத்திவிட்டு மோட்டாருக்குத் திரும்பினார்கள். 2025இல் சலுகை தொடங்கியபோது சலுகையில்லாத விலை 2.60 ரிங்கிட். அந்த விலையில் நம் மகனின் 65 லிட்டருக்கு 169 ரிங்கிட் ஆகும். பெரிய காரின் 104 லிட்டருக்கு 270. எண்ணெய் மிச்சம் பிடிக்கும் கார் உண்மையாகவே கைகொடுப்பது அப்படிப்பட்ட நாளில்தான். மகன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்பது இதற்காகத்தான்.

காப்புறுதியில் ஒரு வார்த்தை. இழப்பீடு கோராத வருடங்களுக்குக் கிடைக்கும் கழிவு 25 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்து வருடத்தில் 55 விழுக்காடு வரை ஏறும். அது காரோடு போவதல்ல, ஆளோடு வருவது. பழைய காரை விற்றுப் புதியது வாங்கினாலும் அந்தக் கழிவைக் கேட்டு வாங்குங்கள். சிறிய கீறலுக்குப் போய்க் காப்புறுதியைத் தொட்டு 55ஐ இழப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

அந்த வீட்டில் என்ன முடிவு? மைவி பேச்சு அடங்கிவிட்டது. புதிய அக்சியாவா, ஐந்தாறு வருடம் ஓடிய அக்சியாவா என்பதில் அப்பாவும் மகனும் இன்னும் ஒத்துப்போகவில்லை. மேனுவல் கியர் போதும் என்பதில் ஒத்துப்போய்விட்டார்கள். தவணை ஒன்பது வருடமா, ஐந்து வருடமா என்று அம்மா கேட்டார். ஐந்து வருடம் என்றால் மாதம் 388, ஆனால் வட்டியில் 2,772 ரிங்கிட் மிச்சம். மகன் ஏழு என்கிறான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை சிரம்பானில் ஒரு பழைய கார் பார்க்கப் போகிறார்கள். அப்பா டார்ச்லைட்டுக்குப் புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறார். காருக்கு அடியில் துரு இருக்கிறதா, வெட்டி ஒட்டிய அடையாளம் இருக்கிறதா, கம்பளத்துக்குக் கீழே வெள்ளத்துச் சேறு காய்ந்திருக்கிறதா என்று பார்க்க.